பொண்ணு வீட்டு லிஸ்ட்

உக்காருங்கக்கா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. உங்க மக கல்யாண வீடியோ ரெடிதான், பென்டிரைவ்ல ஏறணும், அவ்வளவுதான். நாப்பது நிமிஷம் ஆகும். அந்தா திரையில ஒரு கோடு ஊருது பாருங்க, அது கடைசி வரைக்கும் போகணும். நாம அதட்டினாலும் அது வேகமாப் போகாது.

நீங்க எழுதிக் குடுத்தது எல்லாம் செஞ்சாச்சு. உங்க சம்பந்தி வீட்டு மூத்த மருமக வாயைக் கோணினதை எடுத்தாச்சு. உங்க கொழுந்தனார் பந்தியில இருந்து பாதியில எந்திரிச்சுப் போனதை எடுத்தாச்சு. மாப்பிள்ளை வீட்டு லிஸ்டுல உங்களையும் ஒரு இடத்துல எடுக்கச் சொல்லியிருந்தாங்க. எந்த இடம்னு கேக்காதீங்க. எடுத்தாச்சு.

என்ன அப்படிப் பாக்கீங்க? ஆமா, நான்தான். மில் வீட்டுப் பெரியவர் படத்தை வெட்டி விளையாடினவ நான்தான். உங்க ஊர் வரைக்கும் போன்ல வந்துட்டா? சிரிச்சீங்களா? சிரிச்சா சிரிச்சேன்னு சொல்லுங்க, இதுல என்ன வெக்கம்.

மேசை மேல ஒரு தாள் இருக்கு பாருங்க, அதுதான் மன்னிப்புக் கடிதம். டைப் அடிச்சே வந்துட்டு. நான் கையெழுத்து மட்டும் போடணும். பன்னெண்டு மணிக்கு எங்க வீட்டுக்காரர் வந்து வாங்கிட்டுப் போவாரு. அவருக்கு அந்த மில்லுலதான் மேனேஜர் வேலை. நான் கையெழுத்துப் போடலன்னா நாளையில இருந்து எனக்கு இந்த ஸ்டுடியோவுல வேலை கிடையாது. ஊர்ல இருக்கிற பெரிய கல்யாண மண்டபம் மில் வீட்டோடது. அங்க நடக்கிற கல்யாணம் எல்லாம் எங்ககிட்டதான் வருது. அது போச்சுன்னா ஸ்டுடியோவே போச்சு. ஸ்டுடியோக்காரர் ஜெபக்குமார் அண்ணன் காலையில இருந்து, "தங்கம், போட்டுரும்மா, ஒரு கையெழுத்துதான"ன்னு நாலு தடவை வந்து சொல்லிட்டாரு. ஒரு கையெழுத்துதான்னா அவரு போட்டுக்கிட வேண்டியதுதான? நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். மூணு நாளா மாட்டேன்னுதான் சொல்லுதேன்.

நடந்ததை நடந்தபடி சொல்லுதேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. தப்புன்னு சொன்னா நான் ஒத்துக்கிடப் போறதில்ல, அது வேற விஷயம்.

இப்ப இருக்கிற மில் முதலாளிக்குத் தாத்தா, பெரியவர் ஆவுடைநாயகம். மில்லு கட்டுறதுக்கு முன்னால, வாலிப வயசுல, மெட்ராஸுக்குப் போய் ஒரு சினிமா எடுத்திருக்காரு. பேசாத படம். தொண்ணூறு வருஷத்துக்கு மேல இருக்கும். 'சதி குமுதவேணி'ன்னு பேரு. எடுத்தது மட்டும் இல்ல, கதாநாயகனும் அவரேதான். காசு போட்டவரு கதாநாயகனா வராம என்ன செய்வாரு. அந்த ஒரு படத்தோட சினிமா போதும்னு ஊருக்கு வந்து மில்லு கட்டிட்டாரு. படம் டப்பா டப்பாவா மச்சுல கெடந்திருக்கு. இந்த வருஷம் அவருக்கு நூத்தி இருபத்தஞ்சாவது பிறந்த நாள் கொண்டாடணும்னு முடிவு பண்ணினதும், டப்பாவைப் பம்பாய்க்கு அனுப்பி கம்ப்யூட்டர்ல ஏத்தி வாங்கிட்டு வந்துட்டாங்க. ஒண்ணே முக்கால் மணி நேரம் ஓடுது. சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணே முக்கால் மணி நேரம் யாரு உக்காந்திருப்பா? இருபது நிமிஷமாச் சுருக்கி, பாட்டு மேளம் சேத்துக் குடுங்கன்னு நம்மகிட்ட வந்தது.

கதையைச் சொல்லுதேன், கேளுங்க. குமுதவேணிக்குப் புருஷன் மேல அவ்வளவு பக்தி. புருஷனுக்கு அவ மேல சந்தேகம். எவனோ ஒருத்தன் வேணும்னே ஒரு மோதிரத்தை அவ தலகாணிக்கு அடியில வச்சிருதான். மோதிரத்தைப் பாத்ததும் இவருக்குக் கேள்வி முறையே கிடையாது. கையில இருக்கிற குடையை நீட்டி வாசலைக் காட்டுதாரு. வெளிய மழை. கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இறங்கிப் போறா. பிள்ளை செத்துப் போகுது. அழுது அழுது கண்ணு போகுது. பத்து வருஷம் காடு மேடெல்லாம் அலையுதா. அப்புறம் மோதிரம் வச்சவன் சாகப்போற நேரத்துல உண்மையைச் சொல்லிருதான். யாரோ புண்ணியவான் இவளை மாட்டு வண்டியில ஏத்திக் கொண்டாந்து அதே வாசல்ல இறக்கி விடுதான். வந்து புருஷன் கால்ல விழுதா. பேசாத படம்லா, வாயசைப்பாங்க, அப்புறம் கறுப்புல வெள்ளை எழுத்தா ஒரு அட்டை வரும். 'நாதா, தங்களைப் பிரிந்திருந்த இப்பாவியை மன்னியுங்கள்'னு அட்டை வருது. உயிரை விட்டுருதா. சுபம்.

யாரு யாரை மன்னிக்கணும்? நீங்க சொல்லுங்க. போகச் சொன்னது யாரு, மன்னிப்புக் கேக்கது யாரு?

சரி, அதை விடுங்க. எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்கு, உங்களுக்கே தெரியும். ரெண்டு வீட்டு லிஸ்டும் கைக்கு வராம நான் ஒரு கல்யாணத்தையும் வெட்ட மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுலயும் கேப்பேன், பொண்ணு வீட்டுலயும் கேப்பேன். யாரு வேணும், யாரு வேண்டாம், எந்தச் சண்டை நடக்காத மாதிரி இருக்கணும். ரெண்டு தாளையும் கம்ப்யூட்டர் ஓரத்துல ஒட்டி வச்சுக்கிட்டுத்தான் உக்காருவேன். பதினாலு வருஷமா அப்படித்தான். ஒரு வீட்டு லிஸ்டை மட்டும் வச்சு வெட்டினோம்னு வைங்க, இன்னொரு வீட்டுக்காரங்க கல்யாணத்துக்கே வராத மாதிரி ஆகிப்போகும். ஒரு தடவை ஒரு பொண்ணோட தகப்பனாரே காணாமப் போயிட்டாரு. அந்த மனுஷன் இங்க வந்து அழுததை நான் பாத்திருக்கேன்.

குமுதவேணிக்கும் லிஸ்ட் வந்தது. மில் வீட்டு லிஸ்ட். எங்க வீட்டுக்காரர்தான் கொண்டு வந்தாரு. முன்னால கவுண்டர்ல ஜெபக்குமார் அண்ணன்ட்ட குடுத்துட்டுப் போயிட்டாரு. நான் இங்க உள்ளதான் இருந்தேன். உள்ள வரல. வேலை அவசரமா இருந்திருக்கும்.

இல்லக்கா, எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல. பிரிஞ்சு இருக்கோம்னு ஊர்ல நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவாங்க. ஸ்டுடியோ பக்கமா இருக்கணும்னுதான் எதுத்தாப்புல ஒரு ரூம் எடுத்திருக்கேன். முகூர்த்த மாசத்துல வேலை எப்ப முடியும்னு சொல்ல முடியாது, பஸ் பிடிச்சு மில் குவார்ட்டர்ஸ் வரைக்கும் யாரு போறது? அதுக்காக எடுத்தது. ஆறு வருஷம் ஆயிட்டு. ஆடி மாசம் முகூர்த்தம் கிடையாதே, அப்பப் போகலாமேன்னு கேப்பீங்க. ஆடியில சடங்கு வீடியோ வரும். வராட்டாலும் பழசை எல்லாம் ஒழுங்கு பண்ணணும். வேலைக்கா குறைச்சல்?

லிஸ்டுக்கு வாரேன். நாலே நாலு விஷயம். தாத்தா முகம் வர்ற இடம் ஒண்ணைக்கூட விடக்கூடாது. அந்தப் பொம்பளை அழுகிறதை எல்லாம் எடுத்துரணும், நல்ல நாள் அதுவுமா அழுகை வேண்டாம். பிள்ளை சாகிறது வேண்டாம். கடைசியில கால்ல விழுறது கண்டிப்பா இருக்கணும், அதுதான் படத்துக்கே உயிர்.

நான் ஜெபக்குமார் அண்ணன்ட்ட கேட்டேன், "அந்தம்மா பேரு என்னண்ணே?"

"எந்தம்மா?"

"குமுதவேணியா நடிச்சிருக்கவங்க."

அவரு மில் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டாரு. "யாரோ நாடகக்காரியாம். பேரு தெரியலயாம்"னாரு. படத்துல பேர் வர்ற அட்டையிலயும் தேடிப் பாத்துட்டேன். 'தனவணிகர் ஸ்ரீமான் ஆவுடைநாயகம் அவர்கள்'னு அட்டை நிறைய இருக்கு. மாட்டு வண்டி குடுத்து உதவினவன் பேருகூட இருக்கு. அவ பேரு இல்ல.

"அப்பப் பொண்ணு வீட்டு லிஸ்ட் யாருட்ட வாங்க?"ன்னேன்.

அண்ணன் சிரிச்சாரு. "தங்கம், இது கல்யாண வீடியோ இல்லம்மா."

எனக்கு எல்லாம் ஒண்ணுதான். ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை, சுத்தி ஒரு கூட்டம், யாரோ ஒருத்தர் அழுகை. வேற என்ன?

முதல்ல அவங்க சொன்னபடியே வெட்டினேன். இதை நல்லாக் கேட்டுக்கோங்க, அவங்க சொன்னபடி. அவ அழுகிறதை எல்லாம் எடுத்தேன். பிள்ளையை எடுத்தேன். காட்டை எடுத்தேன். ஐயா முகம் ஒண்ணுகூட விடாம வச்சேன். ஓட்டிப் பாத்தா என்ன மிஞ்சுது தெரியுமா? ஒரு ஆள் சாப்பிடுதாரு. மீசையைத் தடவுதாரு. குடையை நீட்டுதாரு. மறுபடி உக்காந்து சாப்பிடுதாரு. சாப்பிடுற இடம் மட்டும் நாலு இருக்கு, நாலுலயும் அவ பின்னால நின்னு விசிறுதா. அவ அழும்போது இதெல்லாம் பெரிய விஷயமாத் தெரிஞ்சது. அழுகையை எடுத்துட்டா ஒண்ணுமே இல்லக்கா. எதுக்குக் கோவப்படுதாருன்னே தெரியாம ஒரு ஆள் குடையை ஆட்டிக்கிட்டுத் திரியுதாரு.

நான் சிரிச்சேன். இந்த ரூம்ல தனியா உக்காந்து, வாயைப் பொத்திக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். அப்படிச் சிரிச்சு வருஷக்கணக்கு ஆயிட்டு. சிரிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு தெம்பு வந்தது பாருங்க, அது இன்னும் போகல.

அந்தக் காப்பியைப் 'பெரியவர் ஒண்ணு'ன்னு பேர் போட்டு ஒதுக்கி வச்சேன். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். மேல 'பொண்ணு வீட்டு லிஸ்ட்'னு எழுதினேன். அவளுக்குன்னு கேக்க ஆள் இல்லன்னா நான் கேக்கேன். அவ மழையில போகக்கூடாது. அவளுக்குக் கண்ணு போகக்கூடாது. ஒரு இடத்துலயாவது அவ உக்காந்திருக்கணும். கால்ல விழுறது இருக்கட்டும், அவங்க லிஸ்டுல இருக்கு, ரெண்டு வீட்டையும் மதிக்கணும்லா. ஆனா அவ எந்திரிக்கணும். இதை அவங்க தாளுக்குப் பக்கத்துல ஒட்டிட்டு உக்காந்தேன்.

நாலு நாள் ஆச்சு. மோதிரம் கிடைக்கிற இடத்துல அட்டையை மாத்தினேன். 'ஆ! மூன்று நாளாக நான் தேடிய மோதிரம்! நானேதான் இங்கே வைத்தேனா?' அவ்வளவுதான், சந்தேகம் தீந்துபோச்சு. குடையை நீட்டுற இடம் இருக்குல்லா, அவரு நீட்டினதும் அவ போறதை எடுத்துட்டு, வேற ஒரு இடத்துல ஒரு ஆடு வாசப்படி இறங்கிப் போகும், அதை ஒட்டினேன். குடையை நீட்டுதாரு, ஆடு போகுது. மீசையைத் தடவுதாரு. ஆட்டைப் பின்பக்கமா ஓட விட்டேன், திரும்பி வந்துட்டு. மறுபடி நீட்டுதாரு, மறுபடி போகுது. அஞ்சு தடவை. அவ பாட்டுக்கு உள்ள உக்காந்து பூக் கட்டிக்கிட்டு இருக்கா. அவரு மீசையில கை வைக்கும்போதெல்லாம் கெட்டிமேளம் போட்டேன். கெட்டிமேளம் நம்மகிட்ட நூறு தினுசு இருக்கு.

சாப்பாட்டை ஒட்டி ஒட்டி நீளமாக்கினேன். 'இன்னும் இரண்டு இட்லி வைக்கட்டுமா நாதா?'ன்னு அட்டை. சாப்பிடுதாரு. மறுபடி அட்டை. மறுபடி சாப்பிடுதாரு. இருபத்தாறு இட்லி ஆயிட்டு. அப்புறம் ஒரு அட்டை, 'நீ சாப்பிட்டாயா என்று கேட்க நாதருக்கு வாய் ஒழியவில்லை.' இது எனக்கு எங்க இருந்து தோணிச்சுன்னு தெரியல. சும்மா தோணிச்சு. எங்க வீட்டுக்காரர் இட்லி சாப்பிட மாட்டாரு, அவருக்குத் தோசைதான். பதினோரு வருஷம் தோசைதான் சுட்டேன். அதனால அவரை நினைச்சு எழுதினேன்னு யாரும் சொல்ல முடியாது.

என்னக்கா? குடையா? அவரும் குடை வச்சிருப்பாருதான். மேனேஜர்னா வெயில்ல மில்லு பூராச் சுத்தணும், வச்சுக்கிடாம முடியுமா? அவரு என்னைப் பாத்துக் குடையை நீட்டினது ஒரே ஒரு தடவைதான். அன்னைக்கு மழை வேற. வாசல்ல காயப்போட்ட துணி நனையுது, எடுன்னு சொல்லித்தான் நீட்டியிருப்பாரு. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். எடுத்துக்கிட்டு, அப்படியே ரூம் பாத்துட்டும் வந்துட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கடைசிக்கு வாரேன். கால்ல விழுறதைப் பின்பக்கமா ஓட விட்டேன். நம்ம கல்யாண வீடியோவுல அட்சதை எல்லாம் தலையில இருந்து எந்திரிச்சு கைக்குப் போகும் பாத்திருப்பீங்க, அதே வேலைதான். செத்துக் கெடந்தவ கண்ணைத் திறக்கா. கன்னத்துல இருந்த கண்ணீரு கண்ணுக்குள்ள ஏறுது. கால்ல இருந்து தலையைத் தூக்குதா, எந்திரிச்சு நிக்கா, அவரு முகத்தைப் பாத்துக்கிட்டே பின்னால நடக்கா. முதுகைக்கூடக் காட்டல, அவ்வளவு மரியாதை. வாசல் தாண்டுதா, படி இறங்குதா, அதோட பழைய மழையையும் சேத்தேன், தரையில கெடந்த தண்ணி எல்லாம் கூட்டமா மேல ஏறிப் போகுது. வண்டியில ஏறுதா. மாடு பின்னால நடக்கு. வாசல்ல அவரு சின்னதாகிக்கிட்டே போறாரு. கடைசி அட்டை, 'நாதா, மன்னித்துவிட்டேன். வருகிறேன் என்று சொல்லமாட்டேன்.' சுபம்.

இதுக்குப் 'பெரியவர் ரெண்டு'ன்னு பேரு.

ரெண்டையும் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தேன். விழாவுக்கு முந்தின நாள் வந்து பாத்து ஓகே சொல்ல வேண்டியது எங்க வீட்டுக்காரர். நான் முன்னால கவுண்டர்ல கம்ப்யூட்டரைத் திருப்பி வச்சேன். எங்க தொழில்ல ஒண்ணுன்னா முதல்ல வெட்டினது, ரெண்டுன்னா திருத்தினது, கடைசி நம்பர்தான் கணக்கு. அது அவருக்கும் தெரியும். நேரா ரெண்டைத் திறந்தாரு. மாலை போட்ட பெரியவர் போட்டோ வருது, நாதஸ்வரம் வாசிக்கு, பேர் வருது. ஒரு நிமிஷம்கூட முடியல. "சரியா இருக்கு"ன்னு சொல்லி, நோட்டுல 'பார்த்தேன், சரி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. மிச்சத்தையும் பாருங்கன்னு நான் சொல்லல. மிச்சம் என்னன்னு அவரு கேக்கல. பதினேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில நான் செஞ்ச ஒரு வேலையையும் அவரு முழுசாப் பாத்தது கிடையாது. இதையாவது பாப்பாருன்னு நான் ஏன் நினைக்கணும்?

விழா மண்டபத்துல, காலையில. ஐநூறு பேரு. முதல் வரிசையில பெரிய பெரிய ஆட்கள் எல்லாம். முதலாளி நடுவுல. அவரு சம்சாரம் லோசனியம்மா பெண்கள் பக்கத்துல முதல் நாற்காலி. நாப்பது வருஷத்துக்கு முன்னால அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவங்க. அவங்க வீட்டுக் கல்யாணம் மூணு நான் வெட்டியிருக்கேன். மூணுலயும் லோசனியம்மா ஒரு இடத்துலகூடச் சிரிக்கல. தேடித் தேடிப் பாத்திருக்கேன், கிடைக்கல.

படம் ஓடுது. மோதிரம் வருது, சபை சத்தம் காட்டல. சிரிக்கலாமா கூடாதான்னு ஒருத்தரை ஒருத்தர் பாக்காங்க. ஆடு போகுது, வருது, போகுது. ஒரு பய மூச்சு விடல. இட்லி வருது. பத்து ஆச்சு, இருபத்தாறும் ஆச்சு. 'நீ சாப்பிட்டாயா'ன்னு அட்டை வருது. அப்பத்தான் லோசனியம்மாட்ட இருந்து ஒரு சத்தம். விக்கல்னுதான் நான் நினைச்சேன். முந்தானையை எடுத்து வாயில வைக்காங்க. அடங்கல. தோள் குலுங்குது. அப்புறம் முந்தானையைக் கீழ விட்டுட்டுச் சிரிச்சாங்க பாருங்க, வாய்விட்டு, மேல பாத்து! அதுக்கப்புறம் பெண்கள் பக்கம் பூராவும் சிரிப்புப் பத்திக்கிட்டு. அங்கிட்டு ஆம்பளைகளும் சிரிக்காங்க, ஆனா முதலாளி திரும்பினா நிறுத்திருதாங்க. குடையைப் பாத்ததும் மில்லு ஆட்கள் எல்லாரும் எங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பாத்தாங்க. அதுக்கு நான் என்ன செய்ய? மழை மேல ஏறி, அவ வாசலைத் தாண்டினா பாருங்க, அப்ப லோசனியம்மா கையைத் தட்டினாங்க. ஒத்தை ஆளா. எந்திரிச்சு நின்னு.

நான் கடைசியில, சாப்பாட்டுக் கூடத்து வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். ஜென்மத்துல எனக்கு யாரும் கை தட்டினது இல்லக்கா.

மூணாம் நாள் எங்க வீட்டுக்காரர் வந்தாரு. கவுண்டர்ல நிக்கல, நேரா இந்த ரூமுக்கே வந்துட்டாரு. ஆறு வருஷத்துல முதல் தடவை. உக்காருங்கன்னேன், உக்காரல.

"அம்மா சிரிக்காங்க"ன்னாரு.

"எந்தம்மா?"

"லோசனியம்மா. முதலாளி இலையில உக்காந்தா சிரிக்காங்க. குடையை எடுத்தாச் சிரிக்காங்க. நேத்து, 'இன்னும் ரெண்டு வைக்கட்டுமா'ன்னு கேட்டுட்டு, அடுப்படியில போய் உக்காந்து சிரிக்காங்க. முதலாளி மூணு நாளா ஓட்டல்ல வாங்கிச் சாப்பிடுதாரு."

தாத்தாவுக்கு அவமானம்னு ஊரெல்லாம் பேச்சு. நிஜம் இதுதான். தாத்தா படமா இருக்காரு, அவருக்கு என்ன வந்துச்சு? நாப்பது வருஷமாச் சிரிக்காத பொண்டாட்டி சிரிச்சுட்டா, அதைத்தான் அந்த மனுஷனால தாங்க முடியல.

அப்பத்தான் இந்தத் தாளை எடுத்து வச்சாரு. "நான் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன். என் வேலையும் இதுலதான் தொங்குது"ன்னாரு. அப்புறம் கேட்டாரு.

"நீ என்னைய நினைச்சுத்தான செஞ்ச?"

"உங்களை நான் நினைக்கவே இல்ல."

"ராத்திரி பகலா நாலு தடவை போட்டுப் பாத்துட்டேன், தங்கம். எனக்குத் தெரியாதா?"

நாலு தடவை! நான் செஞ்ச வேலையை! எனக்குக் கோவம் வரல, உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்தது, உங்ககிட்ட மறைப்பானேன். "நல்லா இருக்கா?"ன்னு கேட்டுட்டேன்.

"கடைசியில வண்டியில ஏறிப் போறாளே, எங்க போறா?"ன்னாரு.

"வண்டியோட பிலிம் முடிஞ்சு போச்சு. அங்கிட்டுப் படம் இல்ல."

"அது எனக்குத் தெரியும். நீ எங்க போறதா வச்சிருக்க?"

ஊர்ல உள்ள எல்லார் வீட்டுக் கதையையும் வெட்டி ஒட்டுதவ, அந்த ஒரு கேள்விக்குக் கம்ப்யூட்டர் பக்கமாத் திரும்பிக்கிட்டேன். அவரு வாசல்ட்ட போய் நின்னு, "கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துரு. நடந்ததை யாரும் பேச வேண்டாம்"னாரு. "வாரேன், இந்த முகூர்த்தம் முடியட்டும்"னேன். எப்பவும் சொல்லுததுதான்.

மணி என்னக்கா? பன்னெண்டாகப் போகுதா? வந்துருவாரு. நேரம் தவற மாட்டாரு.

இந்தத் தாளை வாசிக்கேன், கேளுங்க. 'மில் நிறுவனர் பெரியவர் ஆவுடைநாயகம் அவர்களின் படத்தை அறியாமையினால் கேலிப்பொருளாக வெட்டியது நான் செய்த பெரும்பிழை. குடும்பத்தார் அனைவரிடமும் மனப்பூர்வமாக மன்னிப்புக் கோருகிறேன். என் கணவருக்கு இதில் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. இப்படிக்கு, சங்கரநயினார் மனைவி தங்கபுஷ்பம்.'

எப்படி இருக்கு? அதே கதைதான. அட்டைகூட மாறல.

கையெழுத்துப் போட மாட்டேன்னு மூணு நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். எதுக்குப் போடாம இருக்கணும்? வெட்டிட்டுப் போட்டாப் போச்சு. அந்தப் பேனாவை இங்க தாங்க. உங்க கைக்கிட்ட இருக்கு பாருங்க, அதுதான்.

'அறியாமையினால்.' அறியாம எங்க செஞ்சேன்? நாலு நாள் உக்காந்து ஒவ்வொண்ணா அறிஞ்சு செஞ்சேன். இது போகட்டும். 'கேலிப்பொருளாக.' அவரை யாரு கேலிப்பொருள் ஆக்கினா, அவரு செஞ்சதைத்தான் நான் வச்சேன், புதுசா ஒரு அங்குலம் படம் பிடிக்கல. போகட்டும். 'செய்த பெரும்பிழை', இதுவும் போகட்டும். 'குடும்பத்தார் அனைவரிடமும்.' அனைவரும்னா அதுல லோசனியம்மாவும் உண்டுல்லா? அவங்ககிட்ட எதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்? இந்த வரி பூராவும் வேண்டாம்.

'என் கணவருக்கு இதில் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.'

இது நிக்கட்டும். இது நான் சொன்னதுதான, சத்தியம் பண்ணாத குறையா...

இல்லக்கா. இது பொய்.

அந்தக் குடை எனக்குத் தெரியும். அந்த மழை எனக்குத் தெரியும். துணி எடுக்கச் சொல்லி யாரும் நீட்டல. அன்னைக்குக் கொடியில துணியே இல்ல. அடிக்கல, வையல. நான் நின்ன இடத்துல ஒரு ஆடு நின்னா எப்படி விரட்டுவாரோ அப்படி நீட்டினாரு, நான் இறங்கிட்டேன். பத்து எட்டு நடந்ததும், "சாப்பாடு எடுத்து வச்சுட்டுப் போ"ன்னாரு. திரும்பிப் போய் எடுத்து வச்சுட்டு வந்தேன். அந்த ஒரு வரியைத்தான் யாருட்டயும் நான் சொன்னதில்ல. குமுதவேணி அழுகையை எடுத்துட்டு ஓட்டிப் பாத்துச் சிரிச்சேன்னு சொன்னேன்லா, அது பெரியவரைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இல்ல. இந்த வரியும் போகட்டும்.

மிச்சம் இது ஒண்ணு. 'சங்கரநயினார் மனைவி.'

வேலைக்காக வரலக்கா. ஸ்டுடியோ பக்கம்னு வரல. ஆடி மாசமும் கிடையாது, ஆவணி மாசமும் கிடையாது. நான் விட்டுட்டு வந்தவ. இதை இப்பத்தான் வாய் திறந்து சொல்லுதேன், உங்க பேருகூட எனக்குத் தெரியாது. விட்டுட்டுத்தான் வந்தேன், திரும்பிப் போகப் போறதில்ல.

அடிச்சாச்சு. பாருங்க, பேனா தாளைக் கிழிச்சிரும் போல இருக்கு.

இப்ப என்ன இருக்குன்னு வாசிக்கேன். 'மில் நிறுவனர் பெரியவர் ஆவுடைநாயகம் அவர்களின் படத்தை வெட்டியது நான். இப்படிக்கு, தங்கபுஷ்பம்.' சரியா இருக்குல்லா? இந்தா, கையெழுத்தும் போட்டாச்சு. ஜெபக்குமார் அண்ணன் வேலையை விட்டு நிப்பாட்டினா நிப்பாட்டட்டும். வெட்டத் தெரிஞ்சவளுக்கு இந்த ஊர் இல்லாட்டா இன்னொரு ஊரு.

படியில செருப்புச் சத்தம் கேக்கு. அவருதான். நீங்க எந்திரிக்க வேண்டாம், இருங்க, உங்க வீடியோ இன்னும் ஏறி முடியல.

வாங்க. லெட்டர் ரெடியா இருக்கு. நின்னுக்கிட்டே வாங்கிட்டுப் போகாதீங்க, உக்காந்து வாசிங்க. ரெண்டே வரிதான்.